அடைத்தலும் ஆறுதலும்

நுழையும்முன்

விரலில் கீறல் பட்டால் குருதி கசிகிறது. சற்று நேரத்தில் உறைகிறது. சில நாள்களில் பக்கு உதிர்ந்து புதுத்தோல் தெரிகிறது. யாரும் கட்டளையிடாமலே உடல் செய்துகொள்ளும் வேலை இது. மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள ஒரு தமனிப் புடைப்பினுள் மட்டும் இவ்வேலை எளிதில் நடப்பதில்லை. அதை அங்கே நடக்கச் செய்வதற்காக மருத்துவரும் பொறியாளரும் வேதியியலாரும் கூடி உருவாக்கியவையே உயிர்வினைச் சுருள்கள். அவற்றின் வரலாற்றையும் அவை சோதிக்கப்பட்ட முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

மெல்லிய சுவர்

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருந்தமனிகள் நான்கு. கழுத்தின் முன்புறம் இரண்டும் பின்புறம் இரண்டுமாக மேலேறும் இவை, மண்டையோட்டினுள் நுழைந்ததும் மூளையின் அடியில் ஒன்றோடொன்று இணைந்து வளையமாகின்றன. தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1664ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாக விளக்கி எழுதியமையால், இன்றும் இது வில்லிஸ் வளையம் என்றே அழைக்கப்படுகிறது. ஒரு வழி அடைபட்டாலும் மற்றொரு வழியாகக் குருதி சுற்றிவந்து மூளையை ஊட்டுவதற்கு உதவும் அமைப்பு இது. ஆயினும், மூளைத் தமனிகளில் தோன்றும் புடைப்புகளில் பெரும்பாலானவை இவ்வளையத்திலும் அதையொட்டிய கிளைகளிலுமே காணப்படுகின்றன.

ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில், நடுவிலுள்ள மணல்திட்டின் முனையில் நீர் நேராக மோதும். கரையின் மற்ற இடங்களைவிட அம்முனையே விரைவில் அரிக்கப்படும். தமனி கிளைபிரியும் கவட்டிலும் இதுவே நிகழ்கிறது. இதயத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் பாய்ந்துவரும் குருதி அக்கவட்டை மோதுகிறது. உடலின் பிற தமனிகளோடு ஒப்பிட்டால் மூளைத் தமனிகளின் சுவர் மெல்லியது. அவற்றின் நடுப்படலத்தில் தசை குறைவு. புறத்தே இருக்கவேண்டிய மீள்தன்மைப் படலம் அவற்றில் இல்லை. உயர் குருதியழுத்தமும் புகைப்பழக்கமும் இச்சுவரை மேலும் நலியச் செய்கின்றன. சில குடும்பங்களில் இந்நலிவு மரபுவழி வருகிறது. நலிந்த சுவர், ஊதிய குமிழிபோல வெளியே பிதுங்குகிறது. மருத்துவர் இதனை அனியூரிசம் என்பர். தமிழில் தமனிப் புடைப்பு எனலாம்.

வயது வந்தோர் நூறு பேரில் ஏறத்தாழ மூவருக்கு இத்தகைய புடைப்பு இருக்கக்கூடும் என ஆய்வுகள் கணிக்கின்றன. அவர்களுள் பெரும்பாலோர் அதனை அறியாமலே முழுவாழ்வு வாழ்ந்துவிடுகின்றனர். ஆனால், அது வெடித்துவிட்டால் நிலைமை நொடியில் மாறுகிறது. வாழ்நாளில் அதுவரை கண்டிராத தலைவலி இடிபோல் தாக்குகிறது. வாந்தியும் கழுத்து விறைப்பும் மயக்கமும் தொடர்கின்றன. மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய உறைகளின் இடைவெளியில் குருதி பரவுகிறது. இந்நிலைக்கு ஆளாவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இறந்துபோகின்றனர். பிழைப்போருள் பலர் பேச்சோ நினைவோ கைகால் வலிமையோ இழக்கின்றனர். முதியோரை மட்டும் தாக்கும் நோய் எனவும் இதனைக் கூறமுடியாது. ஐம்பது வயதையொட்டி, குடும்பப் பொறுப்புகளின் நடுவில் நிற்போரையே இது மிகுதியாகத் தாக்குகிறது. வெடித்த புடைப்பு தற்காலிகமாக உறைந்து நின்றாலும், முதல் இருபத்து நான்கு மணி நேரத்தினுள் மீண்டும் வெடிக்கும் வாய்ப்பு மிகுதி. எனவே, மருத்துவரின் முன்னுள்ள முதற்பணி, அப்பையினுள் குருதி மறுபடி பாயாதவாறு தடுப்பதேயாகும்.

கத்தியும் கம்பியும்

புடைப்பினுள் கம்பியைச் செலுத்தும் எண்ணம் புதியதன்று. 1864ஆம் ஆண்டில் இலண்டனில் சார்லஸ் மூர் என்ற அறுவை மருத்துவர், ஒரு நோயாளியின் மார்பிலுள்ள பெருந்தமனிப் புடைப்பினுள் 26 கஜம் நீளமுள்ள இரும்புக் கம்பியைச் செலுத்தினார். கம்பியைச் சுற்றிக் குருதி உறைந்து பை அடைபடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. குருதி உறைந்தது, ஆனால், நோயாளி சில நாள்களில் இறந்தார். பின்னர் இத்தாலியரான அல்போன்சோ கொராடி, அத்தகைய கம்பியின் வழியே மின்சாரம் செலுத்தினால் குருதி விரைவாக உறையும் என்று கருதிச் செயற்படுத்தினார். நூறாண்டுக்கும் மேல் கழிந்தபின் வெற்றி பெறப்போகும் முறையின் இரு கூறுகளும், அதாவது கம்பியும் மின்னோட்டமும், அப்போதே வந்துவிட்டன. புடைப்பைக் கண்ணால் காண்பதற்கும், உடலைத் திறக்காமல் அதை அடைவதற்குமான வழியே அன்று இல்லை.

காணும் வழியை 1927ஆம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ் திறந்தார். எக்ஸ் கதிர்களை மறைக்கும் நீர்மத்தைக் கழுத்துத் தமனியில் செலுத்திப் படமெடுத்தபோது, மூளையின் குருதிக்குழாய்கள் மரக்கிளைகள்போலத் தெரிந்தன. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்டர் டேண்டி, நோயாளியின் மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் வெள்ளியாலான சிறு கவ்வியைப் பொருத்தினார். புடைப்பின் கழுத்து இறுகி மூடியது, நோயாளி நலம்பெற்றார். அடுத்த அரை நூற்றாண்டு முழுவதும் கவ்வியே தலைசிறந்த மருத்துவமாக விளங்கியது. திறமைமிக்க கைகளில் அது இன்றும் உறுதியான மருத்துவமே. எனினும், குருதி சிந்தி வீங்கியிருக்கும் மூளையை விலக்கி அதன் அடிவரை செல்லவேண்டியிருப்பது எளிய செயலன்று. முதியோரும் நலிந்தோரும் அதைத் தாங்குவது கடினம்.

தெரிந்து தெளிவோம்

மாஸ்கோவின் பர்டென்கோ நரம்பு அறுவை மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த பியோதர் செர்பினென்கோ, செஞ்சதுக்கத்தில் மே நாள் விழாவின்போது சிறுவர்கள் கயிற்றில் கட்டிய பலூன்களைக் கையாள்வதைக் கண்டார். அக்காட்சியே, நுண்குழலின் முனையில் சிறு பலூனைக் கட்டி மூளைத் தமனிக்குள் அனுப்பும் எண்ணத்தை அவருக்குத் தந்தது என்பர். பலூனை உரிய இடத்தில் பிரித்து விட்டுவரும் தம் முறையை 1974ஆம் ஆண்டில் அவர் உலகுக்கு அறிவித்தார். புடைப்பின் கோணல்மாணலான வடிவத்துக்குப் பலூனின் உருண்டை வடிவம் முழுதும் பொருந்தவில்லை. ஆயினும், மண்டையோட்டைத் திறக்காமல் குருதிக்குழாயின் உள்வழியாகவே மூளையை அடையலாம் என்பது அவரால் உறுதியாயிற்று.

அறுந்துபோன முனை

உரோம் நகரின் நரம்பு அறுவை மருத்துவர் குய்டோ குக்லியெல்மி, 1980களின் தொடக்கத்தில், முயலின் தமனியில் செயற்கையாக உண்டாக்கிய புடைப்பினுள் எஃகு மின்முனையைச் செலுத்தி, மின்னோட்டத்தால் குருதியை உறையவைக்க முயன்றார். ஒருமுறை மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கையில் கம்பியின் முனை மின்னாற்பகுப்பால் அரிக்கப்பட்டு, அறுந்து புடைப்பினுள்ளேயே தங்கிவிட்டது. செய்துகொண்டிருந்த ஆய்வின் நோக்கில் அது ஒரு குறை. குக்லியெல்மி அக்குறையை மறக்கவில்லை. கம்பியின் ஒரு பகுதியை விரும்பிய இடத்தில், இழுக்காமலும் தள்ளாமலும், மின்சாரத்தால் மட்டுமே பிரித்துவிடமுடியும் என்பதை அது அவருக்குக் காட்டியிருந்தது.

1989ஆம் ஆண்டில் அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கே பெர்னாண்டோ விநியுவேலா என்னும் மருத்துவரும் இவான் செபெட்கா என்னும் பொறியாளரும் அவருடன் இணைந்தனர். மயிரிழை போன்ற பிளாட்டினம் கம்பியை முதலில் மெல்லிய சுருளாகச் சுற்றி, அச்சுருளையே மறுபடி வளையங்களாக வளைத்து, எஃகுக் கம்பியின் நுனியில் பற்றவைத்தனர். தொடையிடுக்கிலுள்ள தமனியில் துளையிட்டு நுழையும் குழல், பெருந்தமனியின் வழியே ஏறிக் கழுத்தை அடையும். அதனுள்ளிருந்து இன்னும் மெல்லிய நுண்குழல் புறப்பட்டுப் புடைப்பின் வாயிலைச் சேரும். மருத்துவர் எக்ஸ் கதிர்த் திரையைப் பார்த்தபடி சுருளைத் தள்ளுவார். நுண்குழலுள் நேராக வந்த சுருள், வெளியே வந்ததும் தன் வளைந்த வடிவை மீண்டும் பெறும். இருப்பு பொருந்தவில்லையெனில் உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி முயலலாம். பொருந்திவிட்டால் மிகச் சிறிய அளவு மின்னோட்டம் செலுத்தப்படும். பிளாட்டினம் அசையாதிருக்க, எஃகு இணைப்பு மட்டும் குருதியில் கரையும். சுருள் பிரிந்து உள்ளே தங்கும். முதற்சுருள் கூடைபோலப் பையின் சுவரையொட்டி அமைய, அடுத்தடுத்த சுருள்கள் அதன் உள்ளிடத்தை நிரப்பும்.

1990ஆம் ஆண்டில் இம்முறை மனிதரிடம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் ஒப்புதல் கிடைத்தது. குருதியை உறையவைப்பதற்கென எண்ணிய மின்னோட்டம், இறுதியில் சுருளைப் பிரிக்கும் வேலையாலேயே பெயர்பெற்றது என்பது இவ்வரலாற்றின் சுவையான திருப்பம்.

கவ்வியா, சுருளா என்ற வழக்கு 2002ஆம் ஆண்டில் பெருமளவு தீர்ந்தது. ஆக்ஸ்போர்டு நகரை மையமாகக் கொண்டு நடந்த பன்னாட்டு ஆய்வில், புடைப்பு வெடித்த 2143 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஓராண்டின் முடிவில் இறந்தோரும் பிறர் உதவியின்றி வாழ இயலாதோரும் அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 30.6 எனவும், சுருள் பிரிவில் 23.7 எனவும் கணக்கிடப்பட்டனர். வேறுபாடு தெளிவாகத் தெரிந்தமையால் ஆய்வில் மேலும் நோயாளிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. உலகின் பல மருத்துவமனைகளில் சுருளே முதல் தேர்வாயிற்று.

அடைபட்டது, ஆறவில்லை

சுருளிட்ட அன்று எடுக்கும் படத்தில் புடைப்பு முழுவதும் கருமையாக, இறுக நிரம்பியதுபோலத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வேறு. நன்கு நிரப்பப்பட்ட புடைப்பிலும் பிளாட்டினம் அடைத்துக்கொள்வது மொத்தக் கொள்ளளவில் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான். எஞ்சிய இடமெல்லாம் சுருள்களின் இடுக்குகளில் உறைந்த குருதியே. அவ்வுறைவு, நாரும் செல்லும் கலந்த உறுதியான திசுவாக மாறவேண்டும். புடைப்பின் வாயிலில் தமனியின் உட்படலச் செல்கள் பரவி, குழாய்க்கு ஒரு புதிய சுவரை அமைக்கவேண்டும். அவ்வாறு நிகழ்ந்தால் மட்டுமே புண் ஆறியது எனலாம்.

பலரிடம் அவ்வாறு நிகழவில்லை. சுருளிட்டுச் சில மாதங்களுக்குப் பின் வேறு காரணங்களால் இறந்தோரின் புடைப்புகளை ஆராய்ந்தபோது, உள்ளே இன்னும் இளகிய உறைவே இருந்ததும், வாயிலில் புதிய படலம் முழுமையாக உருவாகாததும் தெரியவந்தன. நெல் அளப்போர் மரக்காலைக் குலுக்கினால் தளதளவென நின்ற நெல் கீழிறங்கி, மேலே வெற்றிடம் தோன்றும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு நூறாயிரம் முறை துடிக்கும் இதயம், சுருள்களை அவ்வாறே குலுக்கி அமுக்குகிறது. சுருள்கள் பையின் அடிக்கு ஒதுங்க, வாயிலில் இடைவெளி பிறக்கிறது. குருதி மீண்டும் உள்ளே சுழலத் தொடங்குகிறது. சுருளிட்ட புடைப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, ஓரளவேனும் மறுபடி திறந்துகொள்கிறது என்று தொகுப்பாய்வுகள் காட்டின. அவற்றுள் ஏறக்குறைய பாதிக்கு மறு மருத்துவம் தேவைப்பட்டது. பெரிய புடைப்புகளும் அகன்ற வாயுடையவையும் இதில் முன்னின்றன.

பிளாட்டினத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், அது குருதியோடும் திசுவோடும் வினைபுரியாமல் அமைதியாக இருப்பதுதான். அந்த அமைதியே இப்போது குறையாயிற்று. தன்னைத் தீண்டாத ஒரு பொருளைச் சுற்றி உடல் தழும்பை உருவாக்க விரைவதில்லை. ஆகவே, சற்றே தொல்லை தரும் சுருளொன்றை உருவாக்கவேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. உடலைத் தூண்டவேண்டும்; ஆனால், தீங்கு செய்யும் அளவுக்குத் தூண்டிவிடக்கூடாது.

கரையும் நூல்

குக்லியெல்மி, விநியுவேலா ஆகியோரின் ஆய்வுக் குழுவில் இருந்த ஜப்பானிய மருத்துவர் யுயிச்சி முராயமா இவ்வெண்ணத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். கொலாஜன் முதலிய புரதங்களைப் பிளாட்டினத்தின்மீது பூசி, அப்பூச்சு உதிராதிருக்க அயனிகளைப் பாய்ச்சிப் பதிக்கும் முறையை முதலில் ஆராய்ந்தார். இதன் தொடக்க முடிவுகள் 1997ஆம் ஆண்டில் வெளிவந்தன. பின்னர் அக்குழுவின் கவனம், அறுவை அரங்குகளில் நாள்தோறும் புழங்கிய வேறொரு பொருளின்மீது திரும்பியது. அது கரையும் தையல் நூல்.

பாலிகிளைகாலிக் அமிலம், பாலிலாக்டிக் அமிலம் என்னும் பலபடிகளால் ஆன தையல் நூல்கள் 1970களிலிருந்தே பயன்பாட்டில் இருந்தன. உடலின் நீர், இப்பலபடிகளின் நீண்ட தொடர்களைச் சிறிதுசிறிதாக அறுக்கிறது; எஞ்சும் அமிலங்களை உடல் தன் இயல்பான வளர்சிதை மாற்றத்தில் செரித்துவிடுகிறது. நூல் கரையும் காலத்தில் அதனைச் சுற்றி மென்மையான அழற்சி உண்டாகிறது. விழுங்குசெல்கள் வந்து சேர்கின்றன. அவை விடுக்கும் வேதிச் செய்திகளைக் கேட்டு நார்ச்செல்கள் வருகின்றன. நார்ச்செல்கள் கொலாஜனை நெய்கின்றன. நூல் மறைந்த இடத்தில் தழும்பு நிற்கிறது. வயிற்றைத் தைத்த நூல் செய்யும் இவ்வேலையை மூளைப் புடைப்பினுள் ஏன் செய்விக்கக் கூடாது?

பிளாட்டினம் கம்பியை நடுவில் வைத்து, அதனைச் சுற்றி இப்பலபடியைப் போர்த்திய சுருள் உருவாயிற்று. மேட்ரிக்ஸ் எனப் பெயர்பெற்ற அதன் பருமனில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு பலபடி, எஞ்சியதே பிளாட்டினம். ஏறக்குறைய மூன்று மாதங்களில் பலபடி முழுதும் கரைந்துவிடும். பன்றியின் கழுத்துத் தமனியில் சிரைத் துண்டைத் தைத்து உண்டாக்கிய செயற்கைப் புடைப்புகளில் இச்சுருளை இட்டபோது, வெறும் பிளாட்டினத்தைவிட விரைவாகத் திசு வளர்ந்தது. வாயிலில் தடித்த படலம் உருவாயிற்று. வெட்டியெடுத்து வண்ணமேற்றிய திசுத்துண்டுகள் கண்ணுக்கு விருந்தாகவே அமைந்திருந்தன. 2002ஆம் ஆண்டில் மேட்ரிக்ஸ் சந்தைக்கு வந்தது. பூச்சாக அன்றி, சுருளின் உட்புழையில் பலபடி இழையை வைத்த செரிசைட் போன்ற வேறு சுருள்களும் வந்தன. விலை கூடுதலாயிருந்தும் மருத்துவர் பலர் இவற்றை விரும்பி ஏற்றனர். ஆறும் என்று நம்புவதற்குக் காரணம் இருந்தது. மனிதரில் ஆறியது என்பதற்குச் சான்று இன்னும் கிடைத்திருக்கவில்லை.

எண்கள் தந்த விடை

நல்ல எண்ணம் ஒன்று நல்ல மருத்துவமாகுமா என்பதை அறியும் வழி எளியதாகத் தோன்றும், நடைமுறையில் கடினமானது. புதிய சுருளைத் தாமே இட்ட மருத்துவர், தாமே எடுத்த படத்தைத் தாமே மதிப்பிட்டால், விருப்பம் கண்ணை மறைக்கும். எளிய புடைப்புகளுக்குப் புதிய சுருளையும் கடினமானவற்றுக்குப் பழைய சுருளையும் இடுவாரெனில் ஒப்பீடே பொய்த்துவிடும். ஆகவே, யாருக்கு எச்சுருள் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவேண்டும். படங்களை, எந்தச் சுருள் இடப்பட்டது என்பதை அறியாத வேறு வல்லுநர்கள் மதிப்பிடவேண்டும். நோயாளிகளை ஓராண்டோ அதற்கு மேலோ பின்தொடரவேண்டும்.

அவ்வாறு நடந்த ஆய்வுகளின் விடை ஏமாற்றமளித்தது. செரிசைட் சுருளை வெறும் பிளாட்டினச் சுருளோடு ஏறத்தாழ 500 நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. படங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மேட்ரிக்ஸின் மேம்பட்ட இரண்டாம் வடிவத்தை 626 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. புதிய சுருள் பழையதைவிடத் தாழ்ந்ததன்று என அது காட்டியது. உயர்ந்தது என்று காட்டவில்லை. பன்றியில் தெளிவாகத் தெரிந்த வெற்றி, மனிதரிடம் கரைந்துபோயிற்று.

இதே காலத்தில் வேறொரு சுருள் வேறு வழியில் சென்றது. அது உடலைத் தூண்டவில்லை. குருதியை உறிஞ்சி வீங்கியது. பிளாட்டினத்தின்மீது நீருறிஞ்சும் கூழ்மம் பூசப்பட்ட அச்சுருள், புடைப்பினுள் சென்றபின் பருத்து, உறைவு நிரப்பவேண்டிய இடத்தைத் தானே நிரப்பிக்கொண்டது. 2011ஆம் ஆண்டில் வெளியான 499 நோயாளிகளின் ஆய்வில், பெரிய அளவிலான மறுதிறப்பு இச்சுருளால் ஓரளவு குறைந்தது. ஆயினும், நோயாளிகளின் உடல்நிலையில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. சில நோயாளிகளிடம் மூளையுறை அழற்சியும், மூளையில் நீர்கோத்தலும் பதிவாகியமையால் தயக்கமும் இருந்தது. மென்மையாக்கப்பட்ட அடுத்த தலைமுறைக் கூழ்மச் சுருளை 600 நோயாளிகளிடம் சோதித்தபோது மறுதிறப்பு நூற்றுக்கு 4.4 ஆகவும், வெறும் பிளாட்டினத்தில் 15.4 ஆகவும் இருந்தது. உயிரை அழைத்துவந்து ஆற்றுவிக்க முயன்ற சுருளைவிட, இடத்தை நன்கு நிரப்பிய சுருளே படத்தில் மேம்பட்டு நின்றது.

நிலமும் விதையும்

பன்றியில் ஆறியது மனிதரில் ஏன் ஆறவில்லை? காரணங்கள் பல. பன்றியின் குருதி விரைந்து உறையும் இயல்புடையது. அதன் தமனியின் பக்கவாட்டில் தைத்த புடைப்பு, எச்சுருளும் இடாமலே பல நேரம் தானாக அடைந்துகொள்ளும். எப்படியும் ஆறப்போகும் புண்ணின்மேல் எந்த மருந்தை இட்டாலும் அம்மருந்துக்கே புகழ் சேரும். மனிதரின் புடைப்போ கிளைபிரியும் கவட்டில் குருதியின் நேர்மோதலைத் தாங்கி நிற்பது, பல்லாண்டுகளாக நலிந்தது.

இரண்டாவது காரணம் சுருளின் அமைப்பிலேயே இருந்தது. எழுபது விழுக்காடு பருமன் மூன்று மாதங்களில் கரைந்துவிடும்போது, அதற்குள் திசு வளர்ந்து அவ்விடத்தைப் பிடித்திருக்கவேண்டும். திசு தாமதித்தால் எஞ்சுவது முன்னைவிடக் குறைந்த உலோகமும் முன்னைவிட மிகுந்த வெற்றிடமுமே. மேலும், முதல் தலைமுறைச் சுருள் விறைப்பாகவும் நுண்குழலுள் உராய்வோடும் சென்றமையால், இறுக அடைப்பது கடினமாயிற்று. ஆற்றுவதற்கெனச் சேர்த்த பொருள், அடைப்பதற்கே தடையானது.

மூன்றாவது காரணம் இன்னும் ஆழமானது. 2004ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி நகர ஆய்வாளர்கள், வெடித்த புடைப்புகளையும் வெடிக்காதவற்றையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டனர். வெடித்தவற்றின் சுவரில் பெரும்பாலும் உட்படலம் சிதைந்திருந்தது. தசைச்செல்கள் குறைந்து, சில இடங்களில் செல்களே அற்ற வெறும் நார்ச்சுவராக நின்றது. தழும்பை நெய்யவேண்டிய செல்கள் அங்கே இல்லை. தரிசான நிலத்தில் நல்ல விதையைத் தூவிவிட்டு முளைக்கவில்லையே என வருந்துவது போன்றது அது. விதையின் தரத்தை மட்டும் உயர்த்திக்கொண்டே போவதால் பயனில்லை. உழவரை எங்கிருந்தாவது அழைத்துவரவேண்டும்.

வாயிலில் ஒரு வலை

உழவரை அழைக்கும் வழிகளுள் ஒன்று எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. புடைப்பினுள் எதையும் நிரப்பாமல், தமனியின் உள்ளே, புடைப்பின் வாயிலுக்குக் குறுக்காக நுண்ணிய உலோக வலைக்குழாயை விரித்துவைக்கும் முறை அது. அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. வலை, குருதியோட்டத்தைப் புடைப்பிலிருந்து திருப்புகிறது. உள்ளே தேங்கிய குருதி மெல்ல உறைகிறது. அதைவிடச் சிறப்பானது வாயிலில் நிகழ்வதே. நலமாயுள்ள பக்கத்துத் தமனியின் உட்படலச் செல்கள், பந்தலில் படரும் கொடிபோல, அவ்வலையின்மீது ஊர்ந்து வந்து ஒரு புதுச்சுவரை எழுப்புகின்றன. பூச்சுகள் செய்ய முயன்றதை, செல்களுக்குக் கால்வைக்க ஓர் இடம் தந்ததன் மூலமே இவ்வலை பெருமளவு நிறைவேற்றியது.

ஆயினும், சுருள் தன் இடத்தை இழக்கவில்லை. தமனியினுள் வலை இருக்கும்போது அதன்மீது குருதி உறைந்து மூளையின் வழியை அடைத்துவிடாதிருக்க, தட்டணுக்களின் செயலைக் குறைக்கும் மருந்துகளை நோயாளி மாதக்கணக்கில் உட்கொள்ளவேண்டும். அப்போதுதான் வெடித்து மூளையைச் சுற்றிக் குருதி சிந்தியிருக்கும் ஒருவருக்கு அம்மருந்தைத் தருவது இடர்மிக்கது. எனவே, நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் பெரும்பாலான நோயாளிகளுக்கு இன்றும் சுருளோ கவ்வியோதான். அவர்களுக்காகவே ஆறவைக்கும் சுருளைத் தேடும் ஆய்வு முடியாமல் இருக்கிறது.

அத்தேடலின் கேள்வியும் கூர்மை பெற்றுள்ளது. பொதுவான அழற்சியைத் தூண்டினால் போதும் என்றிருந்த நிலை மாறி, எந்தச் செல்லை, எந்தச் செய்தியால் அழைப்பது என்று ஆராய்கின்றனர். புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழுவொன்று, விழுங்குசெல்களின் முன்னோடிகளைக் குருதியிலிருந்து ஈர்க்கும் புரதமொன்றைக் கரையும் பலபடியில் கலந்து சுருளின்மீது பூசியது. எலிகளின் தமனிப் புடைப்புகளில் இச்சுருள், வெறும் சுருளைவிட மிகுதியான திசுவை வளர்த்தது. விழுங்குசெல்கள் வேறு எச்செய்திகளை விடுத்து நார்ச்செல்களை வரவழைக்கின்றன என்னும் தொடரையும் அக்குழு படிப்படியாகப் பிரித்துக் காட்டியது. அமெரிக்காவின் டெக்சாஸில் வேறு சிலர், உடல் வெப்பத்தில் தன் பழைய வடிவை மீட்டுக்கொள்ளும் நுரைப்பலபடியை ஆராய்கின்றனர். நுண்குழலுள் ஒடுங்கிச் செல்லும் அந்நுரை, புடைப்பினுள் விரிந்து, தன் நுண்ணறைகளில் செல்கள் குடியேற இடம் தருகிறது. எலியிலும் பன்றியிலும் கண்டவற்றை மனிதருக்கு உரியனவாகக் கொள்ளும் அவசரம், மேட்ரிக்ஸுக்குப் பின் பெரிதும் குறைந்திருக்கிறது.

சுருளிட்ட நோயாளி வீடு திரும்பிய சில மாதங்களில் மறுபடி மருத்துவமனைக்கு அழைக்கப்படுகிறார். அதே மேசையில் படுக்கவைத்துப் படம் எடுக்கின்றனர். திரையில், பிளாட்டினச் சுருள் கருங்கண்டாகத் தெரிகிறது. அதைச் சுற்றிக் குருதிக்குழாய்கள் ஒவ்வொன்றாக நிரம்பி வருகின்றன. மருத்துவரின் கண் சுருளின் நடுவில் நிற்பதில்லை. சுருளுக்கும் தமனிக்கும் இடையே, புடைப்பின் கழுத்தில், ஓரிரு மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த எல்லைக்கோட்டையே அவர் உற்றுநோக்குகிறார்.